இறுகிய பாறையிலிருந்து எண்ணெய் எடுப்பது: வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

வடசென்னையில் "ஆயில் கம்பெனி வேலை" என்றாலே எல்லாருக்கும் மணலிதான் ஞாபகம் வரும். 1969-இல் ஓடத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை, இரவில் தெரியும் அதன் தீ, துறைமுகத்திலிருந்து மண்ணுக்கடியில் வரும் கச்சா எண்ணெய்க் குழாய், தண்டையார்பேட்டை டெர்மினல் வாசலில் வரிசைகட்டி நிற்கும் டேங்கர் லாரிகள். திருவொற்றியூர்க்காரனான நானும் படிக்கப் போகும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தக் குழாய்க்குள் எண்ணெய் வருவதற்கு முன்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

போன தை மாதம் அக்கா மகனுக்கு ஓர் எண்ணெய் வயலில் பயிற்சிப் பொறியாளர் வேலை கிடைத்தது. கெமிக்கல் படித்த பையன். "மாமா, ரிசர்வாயர்ல போட்டிருக்காங்க. லோ பெர்மியபிலிட்டி ஃபீல்டாம். எங்கருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல" என்று வந்து உட்கார்ந்தான். எண்ணெய் தங்கியிருக்கும் பாறையைக் கவனிக்கும் பிரிவைத்தான் ரிசர்வாயர் என்கிறான். லீவில் இருந்த பத்து நாளும் மொட்டை மாடியில் அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: பாறையைக் கையில் வாங்குங்கள்

பூமிக்கடியில் எண்ணெய் ஏரி எதுவும் கிடையாது. எண்ணெய் கல்லுக்குள் இருக்கிறது. கல்லில் வெற்றிடம் எவ்வளவு என்பது துளைமை. அந்த வெற்றிடங்கள் எவ்வளவு தாராளமாக ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன என்பது ஊடுருவுதிறன். ஃபீல்டில் போரோசிட்டி, பெர்மியபிலிட்டி என்றுதான் காதில் விழும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 12 சதவீதத் துளைமை என்றால் 100 லிட்டர் கல்லில் 12 லிட்டர் இடம். அதில் 40 சதவீதம் பழைய உப்புத் தண்ணீர் என்று வையுங்கள், மிச்சம் 7.2 லிட்டர் எண்ணெய். இருப்பு குறைவில்லை. வெளியே வர வழிதான் இல்லை.

ஊடுருவுதிறனுக்கு அலகு டார்சி. பிரான்சின் டிஷான் நகரத்துக் குடிநீருக்காக மணல் வடிகட்டிகளை ஆராய்ந்த ஹென்றி டார்சி 1856-இல் வெளியிட்ட விதியிலிருந்து வந்த பெயர். காசிமேட்டுக் கடற்கரை மணல்போல் தளர்ந்த மணல் பல டார்சி இருக்கும். அலை பின்வாங்கும் முன்பே தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். நல்ல எண்ணெய்ப் பாறை நூறு, ஐந்நூறு மில்லிடார்சி (டார்சியில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நாம் பேசும் இறுகிய பாறையோ சில மில்லிடார்சி, அரை மில்லிடார்சி, சில இடங்களில் அதிலும் நூற்றில் ஒரு பங்கு. கையில் எடுத்துப் பார்த்தால் அம்மிக்கல் மாதிரி இருக்கும்.

கிணற்றிலிருந்து வெட்டியெடுத்த கல் உருளைக்கு கோர் என்று பெயர். அதைச் சோதித்த அறிக்கை வந்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, அளந்தது வாயுவை வைத்தா, அதற்குக் கிளிங்கன்பெர்க் திருத்தம் போட்டார்களா? நுண்ணிய துளைகளில் வாயு வழுக்கிக்கொண்டு ஓடுவதால், உண்மையைவிடப் பெரிய எண் வரும். இரண்டு, கல்லின் மேல் பூமியின் பாரத்துக்குச் சமமான அழுத்தம் கொடுத்து அளந்தார்களா? மேசையில் சும்மா கிடக்கும் கல்லும் 2,500 மீட்டர் ஆழத்தில் நசுங்கிக் கிடக்கும் கல்லும் ஒன்றல்ல. நல்ல பாறையில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இறுகிய பாறையில் பாதிக்குப் பாதி ஏமாந்துபோகலாம்.

கூடவே களிமண் வகையை எக்ஸ்-ரே சோதனையில் பார்த்துவிடுங்கள். ஸ்மெக்டைட் வகை இருந்தால் நல்ல தண்ணீர் பட்டதும் உப்பும். வீட்டிலேயே பையனுக்குக் காட்டினேன். களிமண் கலந்த கல் துண்டு இரண்டு. ஒன்றைக் குழாய்த் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரிலும், இன்னொன்றை 2 சதவீதம் பொட்டாசியம் குளோரைடு கலந்த தண்ணீரிலும் போட்டோம். காபி குடித்து முடிப்பதற்குள் முதல் டம்ளரில் கல் ஓரமெல்லாம் பொரிந்து, அடியில் சேறாகத் தங்கிவிட்டது. மற்றதில் கல் கல்லாகவே கிடந்தது. அக்கா வந்து டம்ளரைப் பார்த்துத் திட்டியது தனிக்கதை.

இரண்டாம் படி: தூரத்தைக் கணக்குப் போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் "எதை உள்ளே செலுத்தலாம்? தண்ணீரா, கார்பன் டை ஆக்சைடா, ரசாயனமா?" என்று ஆரம்பிப்பார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது, ஒரு சொட்டு எண்ணெய் கிணற்றை அடைய எவ்வளவு தூரம் கல்லுக்குள் நகர வேண்டும் என்பதுதான்.

கிணற்றைத் திறந்ததும் அழுத்தம் குறைகிறது. அந்தச் சேதி பாறைக்குள் பரவ நேரம் பிடிக்கும். ஃபீல்டு அலகுகளில், மணிக்கணக்கில்: 948 × துளைமை × பிசுப்பு (எண்ணெய் எவ்வளவு கெட்டி) × அமுக்குமை (அழுத்தினால் எவ்வளவு சுருங்கும்) × தூரத்தின் வர்க்கம் ÷ ஊடுருவுதிறன். துளைமை 0.12, பிசுப்பு 1 சென்டிபாய்ஸ், மொத்த அமுக்குமை ஒரு பிஎஸ்ஐ-க்கு (அழுத்தத்தின் அலகு) 0.000015, தூரம் 1,000 அடி என்று வைத்துப் போடுங்கள்.

500 மில்லிடார்சிப் பாறையில் சேதி போய்ச்சேர மூன்றரை மணி நேரம்கூட ஆகாது. 0.5 மில்லிடார்சியில் 142 நாள். 0.01 மில்லிடார்சியில் ஏறக்குறைய பத்தொன்பதரை வருஷம்.

கடைசி எண்ணைக் கேட்டதும் பையன் கால்குலேட்டரைத் திரும்பத் தட்டினான். சரியாகத்தான் இருந்தது. இருபது வருஷம் பம்ப் ஓட்டினாலும் ஆயிரம் அடி தள்ளி இருக்கும் எண்ணெய்க்கு நாம் கிணறு தோண்டியதே அப்போதுதான் தெரியவரும். ஆனால் சூத்திரத்தில் தூரத்துக்கு வர்க்கம் இருக்கிறது. அதைப் பாதியாக்கினால் நேரம் கால்வாசியாகிறது: 142 நாள் 36 நாளாகிவிடும். பாறையின் குணத்தை மாற்ற நம்மால் முடியாது. பிசுப்பைக் கொஞ்சம் மாற்றலாம். தூரத்தைத்தான் பெரிய அளவில் மாற்ற முடியும். இறுகிய பாறையில் பலன் தந்த வழிகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு விதத்தில் தூரத்தைக் குறைக்கும் வேலைதான்.

பிசுப்பு பற்றி ஒரு வார்த்தை. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது, எர்ணாவூர்க் கரையில் வாளி வாளியாக அள்ளினார்களே, அது கப்பலின் கனரக எரிபொருள். தார்க்குழம்பு மாதிரி. அப்படி ஒன்று அரை மில்லிடார்சிப் பாறையில் இருந்தால் கைகழுவிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். பிழைப்பு நடப்பது மண்ணெண்ணெய்போல் ஓடும் லேசான எண்ணெயால்தான்.

மூன்றாம் படி: கிணற்றோரத்தைச் சுத்தம் செய்யுங்கள்

அதே பாறை, 0.5 மில்லிடார்சி. எண்ணெய் அடுக்கின் கனம் 30 அடி, அழுத்த வித்தியாசம் 1,500 பிஎஸ்ஐ, பிசுப்பு 1, எண்ணெயின் கனஅளவுக் காரணி (மேலே ஒரு லிட்டராக வரும் எண்ணெய் பாறைக்குள் எத்தனை லிட்டர் இடம் பிடித்திருந்தது என்பது) 1.2. ஆயிரம் அடி வட்டத்திலிருந்து எண்ணெய் வருகிறது என்று வைத்தால் நாளொன்றுக்கு சுமார் 16.6 பீப்பாய். ஒரு பீப்பாய் 159 லிட்டர். நம் வீட்டு பிளாஸ்டிக் குடத்தில் பத்துக் குடத்துக்குச் சற்று மேல். கிணறு முழுசாக ஒரு நாள் தருவது சுமார் 2,600 லிட்டர். தெருவுக்கு வரும் 9,000 லிட்டர் மெட்ரோ வாட்டர் லாரியில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. அந்த 1,500 பிஎஸ்ஐ-யில் பாதி, கிணற்றைச் சுற்றி முதல் 18 அடிக்குள்ளேயே செலவாகிவிடும். நாலா பக்கமிருந்தும் வருவது ஒரே சிறிய துளைக்குள் நெருக்கியடித்து நுழைய வேண்டியிருக்கிறது. பீச் ஸ்டேஷன் படிக்கட்டில் காலை நேரக் கூட்டம் மாதிரி. அந்த இடத்தில் துளையிட்டபோது இறங்கிய சேறு, உப்பிய களிமண், தங்கிவிட்ட தண்ணீர் ஏதாவது அடைத்திருந்தால் அதற்கு ஸ்கின் என்று பெயர். அதை ஓர் எண்ணாகச் சொல்வார்கள், அடைப்பே இல்லையென்றால் பூஜ்யம். ஸ்கின் +5 என்றால் 16.6 பீப்பாய் 10.2 ஆகிவிடும்.

ஆகவே கிணற்றை மூடி அழுத்தம் ஏறுவதை அளக்கும் பில்டப் சோதனையை முதலில் செய்யச் சொல்லுங்கள். இறுகிய பாறையில் நாள்கணக்கில் மூடிவைக்க வேண்டும். உற்பத்திப் பிரிவு முறைக்கும். முறைக்கட்டும். எதனால் அடைப்பு என்று தெரியாமல் அமிலம் ஊற்றுவதைவிட அது மலிவு.

நான்காம் படி: பிளவு போடுதல்

சுத்தம் செய்தால் ஸ்கின் பூஜ்யத்துக்கு வரும். அதற்குக் கீழே கொண்டுபோகப் பாறையைப் பிளக்க வேண்டும். ஃபிராக் வேலை என்பது இதுதான். 1947-இல் அமெரிக்காவின் கான்சாஸில் ஹியூகோடன் வயலில் முதலில் பரிசோதித்தார்கள். 1949-இலிருந்து வியாபார ரீதியில் நடக்கிறது. தண்ணீரைப் பாறை தாங்கும் அழுத்தத்துக்கு மேல் செலுத்தினால் பாறை விரியும். விரிந்த இடத்தில் மணல் போய் உட்காரும். அழுத்தத்தை விட்டதும் பிளவு முழுதாக மூடாமல் மணல் தாங்கிப் பிடிக்கும். இந்த மணலுக்கு ப்ராப்பண்ட் என்று பெயர். 20/40 அளவு என்பது 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர், ஏறக்குறைய ரவை. ஆழமான கிணற்றில் சாதாரண மணல் நொறுங்கும் என்பதால் பீங்கான் குருணை போடுவார்கள்.

மணலைத் தூக்கிக்கொண்டு போக வெறும் தண்ணீர் போதாது, கெட்டியாக வேண்டும். அதற்கு உதவுவது நம் கொத்தவரங்காய். அதன் விதையிலிருந்து எடுக்கும் குவார் பிசின், ஒரு லிட்டருக்கு 3, 4 கிராம். போரேட் சேர்த்ததும் குழம்பு நுங்கு மாதிரி இறுகித் தளும்பும். வேலை முடிந்ததும் அதைக் கரைத்து நீர்த்துப்போகச் செய்ய என்சைம் அல்லது பெர்சல்ஃபேட் சேர்ப்பது கட்டாயம். இல்லையென்றால் திறந்த வழியை நாமே பசைபோட்டு அடைத்த கதை. உலகக் குவாரில் பெரும்பகுதி ராஜஸ்தான் பக்கம்தான் விளைகிறது. அமெரிக்காவில் ஷேல் என்ற களிப்பாறையில் எண்ணெய், வாயு வேட்டை சூடுபிடித்தபோது விலை தாறுமாறாக ஏறி, 2012-இல் இங்கே குவார் முன்பேர வர்த்தகத்தையே நிறுத்தி வைத்தார்கள்.

எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம்? பிளவின் கடத்துதிறனை (பிளவின் ஊடுருவுதிறன் × அகலம்), பாறையின் ஊடுருவுதிறன் × பிளவின் ஒருபக்க நீளம் என்பதால் வகுத்துப் பாருங்கள். கடத்துதிறன் 1,000 மில்லிடார்சி-அடி, பாறை 0.5, நீளம் 200 அடி என்றால் விடை 10. நல்ல எண். அதே பிளவை 50 மில்லிடார்சிப் பாறையில் போட்டால் 0.1, நீளத்துக்குச் செய்த செலவு வீண், அங்கே அகலம்தான் வேண்டும். இறுகிய பாறைக்கு நீளம், இளகிய பாறைக்கு அகலம். நம் உதாரணக் கிணற்றில் நன்றாகக் கடத்தும் பிளவு ஒரு பக்கம் நூறடி போனாலே ஸ்கின் -5 அளவுக்கு இறங்கும். 16.6 பீப்பாய் 44 ஆகும். ஏறக்குறைய 7,000 லிட்டர்.

பெரிய வேலைக்கு முன் சிறிய அளவில் ஒரு மினிஃபிராக் செய்து, பிளவு மூடும் அழுத்தத்தையும் திரவம் பாறைக்குள் கசியும் வேகத்தையும் அளப்பார்கள். அந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கலாமே என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பாறை இன்னும் இறுகியிருந்தால் கிணற்றைக் கிடைமட்டமாக வளைத்து, அதன் நீளத்தில் இருபது, முப்பது இடங்களில் பிளவு போடுவார்கள். இரண்டு பிளவுக்கு நடுவில் ஐம்பது அடி என்றால் எண்ணெய் நகர வேண்டியது இருபத்தைந்தே அடி. நம் நாட்டில் ராஜஸ்தானின் பார்மரில் உள்ள பார்மர் ஹில் அடுக்கு இந்த ரகம்: துளைமை தாராளம், ஊடுருவுதிறன் கஞ்சம். முதல் மாத உற்பத்தியைப் பார்த்து மட்டும் மயங்கிவிடாதீர்கள். பிளவோரத்து எண்ணெய் வேகமாக வந்து தீர்ந்ததும் கோடு செங்குத்தாக இறங்கும். இயற்கை அழுத்தத்தை மட்டும் நம்பினால் இத்தகைய வயல்களில் இருப்பில் 5 முதல் 10 சதவீதம்தான் பெரும்பாலும் மேலே வருகிறது.

ஐந்தாம் படி: தண்ணீர் செலுத்துதல், அதில் நான் பட்டது

மிச்சத்தை எடுக்க அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். பழகிய வழி தண்ணீர். இங்கே ஒரு வசதி உண்டு. கடலோர வீடுகளில் சுவரில் ஓதம் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். பம்ப் இல்லை, மோட்டார் இல்லை, தண்ணீர் தானாகச் செங்கல்லுக்குள் ஏறுகிறது. துளை சிறிதாகச் சிறிதாக அந்த உறிஞ்சும் விசை கூடும். தண்ணீரை விரும்பும் பாறையில் பிளவுக்குள் தண்ணீரை விட்டால் அது கல்லுக்குள் ஏறி, எண்ணெயைப் பிளவுக்கு வெளியே தள்ளும். மேற்கு டெக்சாஸின் ஸ்ப்ராபெரி வயலில் 1950-களிலேயே இதை யோசித்துச் செய்து பார்த்தார்கள். தொடர்ந்து செலுத்தாமல், செலுத்துவது, நிறுத்தி ஊறவிடுவது, எடுப்பது என்று மாற்றி மாற்றிச் செய்வதும் உண்டு. பாறை எண்ணெயை விரும்பும் ரகமென்றால் ஓதம் ஏறாது. ஈரப்பண்பை மாற்ற, சோப்பு மாதிரியான சர்ஃபக்டன்ட் தேவைப்படும்.

சீனாவின் ஆர்டோஸ் படுகையில் சாங்சிங் வயலில் இன்னொரு பழக்கம்: எண்ணெய் எடுக்குமுன்பே தண்ணீர் செலுத்த ஆரம்பித்துவிடுவார்கள். அழுத்தம் ஒருமுறை விழுந்து துளைகள் நசுங்கிவிட்டால், பிறகு அழுத்தத்தை ஏற்றினாலும் பாறை பழையபடி திறக்காது என்பது காரணம். எனக்கு இது மிகவும் பிடித்த யோசனை. ஆனால் முதலில் வருமானம், பிறகு செலவு என்று பழகிய மேலாளர்களிடம் விற்பது கஷ்டம்.

கிணறுகளை எங்கே வைப்பது? பிளவுகள் அவரவர் இஷ்டத்துக்கு ஓடாது. பாறையில் எந்தப் பக்க அழுத்தம் மிகக் குறைவோ அதற்குச் செங்குத்தாக ஓடும். செலுத்தும் கிணறும் எடுக்கும் கிணறும் அந்தத் திசையில் ஒரே நேர்கோட்டில் இருந்தால், செலுத்திய தண்ணீர் பிளவு வழியே சுரங்கப்பாதையில் ஓடுவதுபோல் ஓடி மேலே வந்துவிடும். எண்ணெய் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே செலுத்தும் கிணறுகள் ஒரு வரிசை, எடுக்கும் கிணறுகள் அதற்கு இணையாக இன்னொரு வரிசை.

இனி தண்ணீரின் தரம். காட்டுப்பள்ளியில் 2010-இல் ஓடத் தொடங்கிய மீஞ்சூர்க் கடல்நீர் ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தருவதற்காகக் கட்டப்பட்டது. அங்கே கடல் தண்ணீரை நேராக சவ்வில் அடிக்க மாட்டார்கள்; முதலில் மண், பாசி எல்லாம் வடிகட்டித்தான் விடுவார்கள். நம் பாறையும் ஒரு சவ்வுதான், ஆனால் கழற்றி மாற்ற முடியாத சவ்வு.

வருஷங்களுக்கு முன் ஒரு வயலில் வேலை பார்த்தேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். வடிகட்டி கார்ட்ரிட்ஜ் ஸ்டாக் தீர்ந்துபோனது. அடுத்த லோடு வர மூன்று நாள். செலுத்தும் அளவு குறைந்தால் மேலே கேள்வி வரும் என்று பைபாஸ் வால்வைத் திறந்து ஓட்டச் சொன்னார்கள். நானும் திறந்தேன். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் அளந்த அழுத்தத்தைக் கூட்டுத்தொகையாக்கி, இதுவரை செலுத்திய மொத்தத் தண்ணீருக்கு எதிராக வரையும் ஹால் வரைபடம் இரண்டாம் நாள் மெல்ல மேல்நோக்கி வளைந்தது. மூன்றாம் நாள் அதே பம்ப் அழுத்தத்துக்குப் பாதித் தண்ணீர்தான் உள்ளே போனது. கிணற்றைத் திறந்து பின்னோக்கி ஓடவிட்டபோது டீ டிகாக்ஷன் நிறத்தில் துருவும் பாக்டீரியாச் சளியும் வந்தன. அமிலம் ஊற்றியும் பழைய அளவு திரும்பவில்லை. அந்த வால்வின் சிவப்புக் கைப்பிடி இன்றும் கண்ணில் நிற்கிறது.

அதே வரைபடம் கீழ்நோக்கி வளைந்தாலும் சந்தோஷப்படாதீர்கள். அழுத்தம் அதிகமாகிப் பாறை பிளந்து, தண்ணீர் எங்கோ ஓடுகிறது என்பதும் அதற்கு அர்த்தமாகலாம்.

ஆறாம் படி: வாயு

தண்ணீரே நுழையாத அளவுக்குப் பாறை இறுக்கமென்றால் வாயு. நுழைவது எளிது, கார்பன் டை ஆக்சைடு என்றால் எண்ணெயில் கரைந்து அதை ஊதவைத்துப் பிசுப்பையும் குறைக்கும். அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டினால் இரண்டும் முழுதாகக் கலந்துவிடும். அந்த எல்லையை மெல்லிய குழாய்ச் சோதனையில் லேபில் கண்டுபிடிக்க வேண்டும். கனடாவின் வேபர்ன் வயலில் 2000 முதல் இதைச் செய்கிறார்கள்; அமெரிக்காவின் நார்த் டகோட்டாவில் நிலக்கரியை வாயுவாக்கும் ஆலையிலிருந்து சுமார் 320 கிலோமீட்டர் குழாயில் கார்பன் டை ஆக்சைடு வருகிறது. ஈரத்தோடு சேர்ந்தால் அது இரும்பை அரிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பிளவுபட்ட கிடைமட்டக் கிணறுகளில் ஒரே கிணற்றில் வாயுவைச் செலுத்தி, மூடி ஊறவைத்து, அதே கிணற்றில் எடுக்கும் முறை இருக்கிறது. டெக்சாஸின் ஈகிள் ஃபோர்டில் இயற்கை வாயுவை வைத்தே செய்கிறார்கள். இன்னொரு கிணறு வரை எதுவும் நகர வேண்டியதில்லை. மறுபடியும் தூரக் கணக்குதான்.

தண்ணீரைக் கெட்டியாக்கும் பாலிமரைச் செலுத்தலாமா என்று கேட்பார்கள். அந்த மூலக்கூறு நுழையத் துளை வேண்டுமே. வேண்டாம்.

ஊரும் சட்டமும்

நம் மாநிலத்தில் எண்ணெய் என்றால் நரிமணம், கோவில்களப்பால், அடியக்கமங்கலம், குத்தாலம் என்று காவிரிப் படுகைதான். ஆனால் 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் எண்ணெய், எரிவாயுவுக்கான புதிய துரப்பணப் பணிகளைத் தடுக்கிறது. நெடுவாசல் போராட்டமெல்லாம் நடந்த மண். ஃபிராக் என்ற சொல்லுக்கே அங்கே சூடு அதிகம். விவசாயி தண்ணீரைப் பற்றிக் கேட்டால் "உனக்குப் புரியாது" என்று சொல்லும் பொறியாளன் என் கணக்கில் தோற்றவன். கேசிங் எனும் கிணற்றின் இரும்புக் குழாயைச் சுற்றிய சிமென்ட் நிலத்தடி நீர் அடுக்கை முழுசாக மூடியிருக்கிறதா என்று, சிமென்ட் எப்படிப் பிடித்திருக்கிறது என்பதைக் காட்டும் பதிவான சிமென்ட் பாண்ட் லாகைக் காட்டி விளக்க உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எண்ணெய் மீட்பை அதிகரிக்கும் திட்டங்களுக்கு 2018-இல் மத்திய அரசு ஒரு சலுகைக் கொள்கையும் கொண்டுவந்தது. வேலையில் சேர்ந்ததும் அதையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டிய வேலை

எண்ணெய் வயலைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரின் லைசென்ஸ் விலையைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஓபிஎம் ஃப்ளோ என்ற திறந்தமூல மென்பொருள் இலவசம். நார்வேயின் வோல்வ் வயல் தரவுகளை 2018-இல் பொதுவில் வைத்துவிட்டார்கள். அது இறுகிய பாறை இல்லையென்றாலும் பழகுவதற்கு அதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

அதற்கு முன் எக்செல்லைத் திறந்து, இரண்டாம் படியில் சொன்ன நேரக் கணக்கையும் மூன்றாம் படி உற்பத்திக் கணக்கையும் நீங்களே போடுங்கள். உற்பத்திக்கு: 0.00708 × ஊடுருவுதிறன் × கனம் × அழுத்த வித்தியாசம், இதை வகுப்பது பிசுப்பு × கனஅளவுக் காரணி × (8 + ஸ்கின்). அந்த 8 என்பது 1,000 அடியை 0.33 அடிக் கிணற்று ஆரத்தால் வகுத்ததன் இயல்மடக்கை. ஊடுருவுதிறனை 5 ஆக்கினால் நேரம் 14 நாளாகவும் உற்பத்தி 166 பீப்பாயாகவும் வர வேண்டும். நேரம் மட்டும் சரியாக வரவில்லையென்றால் துளைமையைப் பின்னமாகப் போடாமல் சதவீதமாகப் போட்டிருப்பீர்கள். பையனும் முதல்முறை அதைத்தான் செய்தான்.